துவாதசிச் சிவப்பு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கூடத்து ஊஞ்சலில் வீட்டுக்காரர். தூணை ஒட்டி அவர் மனைவி. அடுக்களை வாசலில், கையில் கரண்டியோடு, அவர்கள் மருமகள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த ரேழியில் நான். எனக்கு அதுவரைதான் வழக்கம். டாக்டர் அங்கே இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவரும் இருந்தார், அவருக்குத் தெரிந்துதான் எல்லாம் நடந்தது என்று பின்னால் யாராவது சொன்னால் அது பொய். வெளியே ஜட்காக்காரர் இருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நான் அப்போது திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு டாக்டரிடம் வேலை பார்த்துவந்தேன். டாக்டர் மாடியில் நோயாளிகளைப் பார்ப்பார். கீழே பின்கட்டில் ஒரு சின்ன அறை. அதற்கு லேப் என்று பெயர். சர்க்கரை வியாதிக்காரர்கள் சீசாவில் கொடுத்தனுப்பும் சிறுநீரைச் சோதித்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. மாதம் பதினெட்டு ரூபாய். நாலாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அது பெரிய உத்தியோகம். அதனாலேயே அது எந்த நாளும் போய்விடும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. டாக்டர் மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டால், இன்றைக்கு நிறுத்திவிடப் போகிறார் என்று நினைப்பேன். அவர் கை கழுவ வந்திருப்பார்.

சோதனை சுலபம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து கொஞ்சம் ஊற்றி, சீசாவிலிருந்து எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சவேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. கொஞ்சம் இருந்தால் பச்சை. இன்னும் இருந்தால் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு. நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு. நீல மருந்தில் தாமிரம் இருக்கிறது, சர்க்கரை அதைச் சிவப்பாக்கிக் கீழே இறக்கிவிடுகிறது என்று டாக்டர் ஒருநாள் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பாரோ என்றிருந்தது.

எங்கள் சீசாக்களில் பாதிக்கு மேல் ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவை. அதனால் லேப்பில் என்ன நிறம் கிடைக்கும் என்பதைப் பஞ்சாங்கம் பார்த்தே சொல்லிவிடலாம். ஏகாதசியன்று விரதம், அன்றைய சீசாக்கள் பச்சையோடு நின்றுவிடும். விரதமென்று சொல்லி அரிசி மட்டும் தவிர்த்து மற்ற எல்லாப் பலகாரமும் சாப்பிடுகிறவர்களுடையது ஆரஞ்சு. மறுநாள் துவாதசி. காலையிலேயே விரதம் முடிந்து சாப்பாடு ஆகிவிடும். அன்று மத்தியானம் வரும் சீசாக்கள் அத்தனையும் சிவப்பு. மாதம் இரண்டு துவாதசி. உற்சவம் இருந்தால் கூடுதல்.

சீசாவிலிருந்து எடுத்த எதுவாக இருந்தாலும், நிறம் பார்த்தவுடன் சாக்கடையில் ஊற்றிவிட வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. நான் ஏழெட்டு மாதம் ஊற்றினேன். பிறகு சிவப்பை மட்டும் ஊற்ற மனம் வரவில்லை. குழாயை நிறுத்தி வைத்தால் சிவப்பு அடியில் படியும். மேலே இருப்பதை வடித்துவிட்டு, தண்ணீர் விட்டு அலசி, மறுபடி படியவிட்டு, மறுபடி அலசுவேன். முதலில் ஏழு தடவை அலசினேன். பிறகு அது போதுமா என்று சந்தேகம் வந்து பதினாலு ஆக்கினேன். உலர்த்திச் சுரண்டினால், பன்னிரண்டு குழாய்க்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவு கிடைக்கும். அதை ஒரு சுருட்டுப் பெட்டியில் சேர்த்துவைத்தேன். கடையில் காலணாவுக்கு ஒரு பொட்டலம் காவி தருவான். அதை நான் வாங்கவில்லை.

சிவப்பு சேர்ந்த பிறகு மற்ற நிறங்களும் வேண்டியிருந்தன. மயில்துத்தத்தைக் கரைத்துச் சலவைச்சோடா போட்டால் வெளுத்த பச்சை ஒன்று இறங்கும், தென்னைமரத்துக்கு ஆகும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரியும். அது விடிகாலை வானத்துக்கு. நீலத்துக்குத்தான் சாமர்த்தியம் வேண்டியிருந்தது. சோறு வடித்த கஞ்சியைத் தூரிகையால் தீட்டிக் காயவிட்டால் ஒன்றும் தெரியாது. அதன்மேல் புண்ணுக்குப் போடுகிற அயோடினைத் தண்ணீர் கலந்து தடவினால், தடவத் தடவ நீலம் எழுந்து வரும். முதலில் இதைக் கணக்குநோட்டுத் தாளில் செய்தேன். தாளிலேயே கஞ்சி இருக்கிறதாம். தாள் முழுக்க நீலமாகிவிட்டது. பிறகு லேப்பில் மருந்து வடிகட்டும் தாளை வாங்கி ஒட்டிக்கொண்டேன். அதற்கு டாக்டரிடம் காசு கட்டி ரசீது வாங்கிவிட்டேன். ரசீது இன்னும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பசை வேலம்பிசின். முட்டை வெள்ளைக்கரு இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றார்கள். நான் முட்டை போடவில்லை. பின்னால் எனக்கிருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

சின்னதாக வரைந்தது ஒரே காட்சி. பாலத்தின்மேல் நின்று பார்த்தால் தெரிகிற ஸ்ரீரங்கம்: கீழே காவேரி, கரையில் தென்னை, அதற்கப்பால் காவியும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மதில், பின்னால் மொட்டைக் கோபுரம். மதில் பட்டைகள் முழுக்கச் சீசாச் சிவப்பு.

அந்தச் சின்னப் படத்தை ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டார். ரிடயரான கலெக்டர் கச்சேரி குமாஸ்தா. எங்கள் பழைய வாடிக்கை. வழக்கமாக வீட்டிலிருந்து சீசாவை யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள்; அன்று அவரே ஜட்காவில் வந்தார். அவருடைய சீசா எங்கள் லேப்பிலேயே தனி. மனைவி பாகற்காயும் கேப்பைக் களியுமாகப் பத்தியம் வைத்திருந்தார். ஆனால் ஏகாதசியானாலும் துவாதசியானாலும் அவர் சீசா சிவப்பு. என் சுருட்டுப் பெட்டியில் பெரும்பகுதி அவர் தயவு. அவருக்கு அது தெரியாது.

"யார் போட்டது இது? நீரா?"

"ஆமாங்க சாமி. சும்மா ஓய்ந்த வேளையில."

"நன்னாயிருக்கு. இதையே பெரிசா, ஒரு முழத்துக்கு ரெண்டு முழம் போட்டுத் தாரும். கூடத்துல மாட்டணும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். பன்னிரண்டு ரூபாய் என்று சொன்னேன். பேரம் பேசுவார், அந்தச் சாக்கில் விலகிவிடலாம் என்று எண்ணினேன். அவர் ஐந்து ரூபாயை அங்கேயே மேஜைமேல் வைத்தார். மாசி, பங்குனி இரண்டு மாதத்துத் துவாதசியும் உற்சவமும் அந்தப் படத்துக்குச் செலவாயின. சித்திரை முடியும்போது படம் கண்ணாடி போடாமல் சட்டம் மட்டும் போட்டுப் போய்ச் சேர்ந்தது.

ஆனி மாதம் ஆள் வந்தது. படத்தில் காவேரி போய்விட்டது, உடனே வரவும் என்றார்கள். அதுதான் நான் முதலில் சொன்ன நாள். மத்தியானம் டாக்டர் தூங்கப்போன பிறகு, அவர்கள் அனுப்பிய ஜட்காவிலேயே போனேன். அயோடின் தானாகவே காற்றில் போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சின்னப் படத்தைச் சுருட்டுப் பெட்டியில் மூடி வைத்திருந்ததால் அது அப்படியே இருந்தது. இங்கே வெயிலும் விளக்குமாகச் சேர்ந்து, ஆற்றைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தன. தென்னைமரங்கள் வெறும் வெள்ளைத் தாளின் கரையில் நின்றன.

"மேட்டூர்ல கதவை மூடிட்டான் போலிருக்கு" என்றார் பெரியவர் ஊஞ்சலிலிருந்து.

நான் அதைக் கேட்டேன் என்று சொல்லமுடியாது. படம் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தின் கோடியில் அவர்கள் பெருமாளை எழுந்தருளப்பண்ணி வைத்திருக்கும் மரப்பெட்டகம், கோயிலாழ்வார் என்பார்கள். படம் அதற்குப் பக்கத்துச் சுவரில் தொங்கியது. சட்டத்தின்மேல் துளசி. கோபுரத்துக்குச் சந்தனப் பொட்டு.

"கூடத்துல மாட்டறதா சொன்னீங்களே சாமி" என்றேன்.

"மாட்டித்தான் இருந்தது" என்றார் மனைவி. "கோபுரம் இருக்கே. வரவா போறவா கால்படற பக்கத்துல இருக்கலாமோ? அங்கே மாத்திட்டேன்."

எனக்கு அந்த இடத்திலேயே கணக்கு ஓடியது. இந்தச் சிவப்பு எதிலிருந்து வந்தது என்பது இவர்களுக்குத் தெரிந்தால், மாலைக்குள் நான்கு வீதிக்கும் தெரிந்துவிடும். நாளையிலிருந்து பாலம் தாண்டி ஒரு சீசா வராது. டாக்டர் ஏன் என்று விசாரிப்பார். விசாரித்ததும் எனக்குப் பதினெட்டு ரூபாய் போகும். அதற்குப் பிறகு யாரும் என்னை எந்த வேலைக்கும் சேர்க்கமாட்டார்கள்; நாலாவது பாரம்; வயது முப்பத்தொன்று. செய்யவேண்டியது ஒன்றுதான் என்று பட்டது. படத்தை எப்படியாவது எடுத்துக்கொண்டுபோய், மதில் பட்டைகளைச் சுரண்டிவிட்டுக் கடைக் காவியால் தீட்டித் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

"லேப்புக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணித் தரேங்க. ரெண்டே நாள்."

"லேப்புக்கா?" என்றார் மனைவி. "அந்த சீசாவெல்லாம் இருக்கற இடத்துக்கா? பெருமாள் பக்கத்துல இருந்ததை அங்கே அனுப்பிட்டு மறுபடி எப்படி உள்ளே கொண்டுவரது? நீ சாயத்தைக் கொண்டுவா. இங்கேயே ரேழியில உக்காந்து போடு."

மருமகள் கரண்டியால் படத்தைக் காட்டினார். "அம்மா, நீலம்தான் போயிருக்கு. அந்தச் சிவப்பு பாருங்கோ, அன்னிக்குப் போட்டாப்பல அப்படியே இருக்கு."

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். ஏம்ப்பா, அது மட்டும் என்ன சாயம்?"

"தாமிரம்ங்க அம்மா." இது உண்மை.

"தாமிரமா! அதான் மங்கலை. அப்போ காவேரிக்கும் அதையே போட்டுடு."

"காவேரி சிவப்பாயிடுமேங்க."

"ஆடியில புதுத்தண்ணி வரச்சே காவேரி என்ன நீலமாவா வரது? செக்கச்செவேல்னுதானே வரது? அதையே போடு. பதினெட்டாம் பெருக்குக்குள்ள தண்ணி வந்துடணும்."

மருமகள், "கரெக்டுதான் அம்மா" என்றார். ஊஞ்சலிலிருந்தும் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. படத்தில் இருந்த சிவப்பை எடுக்கப் பார்த்தேன் நான். அவர்கள் மூன்று கைப்பிடி அகலத்துக்கு, படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கூடுதலாகக் கேட்டார்கள். குழாய்க்கணக்கில் அது இருநூறுக்குக் குறையாது.

பெண்கள் இருவரும் அடுக்களைக்குள் போனார்கள். எனக்கு மோர் கொண்டுவர என்று நினைக்கிறேன். பெரியவரிடம் மட்டும் சொல்லிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். ஏன் அப்படி முடிவு செய்தேன் என்று பிறகு பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவராகவே படத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்று நம்பியிருக்கவேண்டும்.

"சாமி, அந்தச் சிவப்பு நம்ம லேப்ல வரதுங்க."

"அதான் தாமிரம்னீரே."

"நீல மருந்துல இருக்கற தாமிரம்ங்க. சர்க்கரையோட சேர்த்துக் காய்ச்சினா சிவப்பா இறங்கும்."

"எந்தச் சர்க்கரை? கடைச் சர்க்கரையா?"

"கடைச் சர்க்கரை இல்லீங்க."

ஊஞ்சல் நின்றது.

"சீசாச் சர்க்கரையா?"

"பதினாலு தடவை அலசினதுங்க. காவேரித் தண்ணியில."

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரோட சீசா?" என்றார்.

"பேர் சொல்லக்கூடாதுன்னு டாக்டர் உத்தரவுங்க."

"என்னுது உண்டா?"

"உங்களோடதுதான் அதிகம்."

"எவ்வளவு அதிகம்?"

"முக்கால் பங்கு இருக்கும். மத்தவங்களோடது அவ்வளவு சிவப்பு வரதில்லீங்க."

கோபம் வரும் என்று ஒரு காலை வாசற்படிப் பக்கம் எடுத்து வைத்திருந்தேன். அவர் முகத்தில் வந்தது கோபமாக எனக்குத் தெரியவில்லை. "மத்தவனெல்லாம் பத்தியம் இருக்கான் போலிருக்கு" என்றார்.

"தயவுபண்ணி டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க சாமி. வேலை போயிடும். படத்தைக் கழட்டிக் கொடுத்துட்டீங்கன்னா சுரண்டிட்டுக் காவி போட்டுடறேன்."

"என்னன்னு சொல்லிக் கழட்டறது? அவ காரணம் கேப்பா. காரணம் சொன்னா படத்தைப் பத்தி அப்புறம்தான் பேசுவா. பாகற்காய் தின்னுண்டிருக்கறவனுக்கு ஏகாதசியன்னிக்கு எப்படிச் சிவந்ததுன்னு முதல்ல கேப்பா." இன்னும் கிட்டே வரச் சொன்னார். நான் ரேழியின் எல்லையில் நின்றபடியே தலையை மட்டும் நீட்டினேன். "கோயில்ல தினம் ஒரு தொன்னை அக்காரவடிசல் ஆறது எனக்கு. அத்தனையும் வெல்லம், நெய் முழங்கைவரைக்கும் வழியும். வெறும் கையோட வரவழியில வெத்தலை போட்டுண்டு வந்துடுவேன். அவளுக்குத் தெரியாது. நீரும் சொல்லாதேயும்."

"நான் எங்கே சொல்றேன் சாமி. ஆனா பெருமாள் பக்கத்துல..."

"பெருமாள் தீர்த்தம் எதிலே இருக்கு? தாமிர வட்டில்லதானே? அலசினப்புறம் தாமிரம் தாமிரம்தான். நீர் எத்தனை தடவைன்னீர்?"

"பதினாலு."

"போறும்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆறுதல்தான் வரவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் கச்சேரியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர்.

"விலை பன்னிரண்டு. அஞ்சு கொடுத்தாச்சு. மிச்சம் ஏழு. அதிலே சாயத்துக்கு எவ்வளவு போட்டிருந்தீர்?"

"தனியா போடலீங்க."

"போட்டிருக்கணும். தட்டான்கிட்ட நாமளே பொன்னைக் கொடுத்து வளையல் பண்ணச் சொன்னா, அவன் பொன் விலையா கேக்கறான்? கூலிதானே வாங்கறான்? சாயத்துல முக்கால் என்னுதுன்னு நீரே சொல்றீர். நான் முக்கால் கழிக்கலை. பாதி கழிச்சுக்கறேன். மூணரை ரூபாய், காவேரி வந்தப்புறம்."

வேலை போகாது என்பதால் சரி என்று சொல்லிவிட்டேன். மோர் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டு ஆள் இரண்டு சீசா கொண்டுவந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. காவேரிக்காக அவர் தொன்னையை இரண்டாக்கிவிட்டாரோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு ஏதாவது ஒன்று ஆனால் அந்தப் பொறுப்பு யாருடையது? நான் சொன்னால்தான் நிறுத்துவார். சொல்லலாமென்றால் ஸ்ரீரங்கம் போகவேண்டும், போனால் மனைவி இருப்பார். வந்த நிறத்தை ரிஜிஸ்டரில் உள்ளபடி எழுதிவிட்டு, உத்தரவுப்படி சாக்கடையில் ஊற்றினேன். சுருட்டுப் பெட்டியையும் கழுவிக் கவிழ்த்தேன். பெரியகடைவீதியில் ஓரணாவுக்கு நான்கு பொட்டலம் காவி வாங்கினேன்.

டாக்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். "இந்த மனுஷர் என்ன, ஒருநாளைக்கு ரெண்டு சீசா அனுப்பறார்? ரெண்டும் இப்படி இருக்கு. இன்சுலின் ஊசிதான் போடணும்னு சொல்லி அனுப்பு" என்றார். ஊசி என்று சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் ஒரு சீசாதான் வந்தது. அது பச்சையாக இருந்தது. அவர் சீசா பச்சையானது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டேன்.

ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேழியில் உட்கார்ந்து, கடைக் காவியை வேலம்பிசினில் குழைத்துக் காவேரியை நிரப்பினேன். மதில் பட்டைக்கும் அதற்கும் ஒரு சாயல் வித்தியாசம் இருந்தது. பட்டைகளின்மேலும் ஒரு கை காவி ஓட்டிவிடலாம் என்று தூரிகையைத் தூக்கினேன். "அங்கே கை வைக்காதே, அது நன்னாத்தானே இருக்கு" என்றார் மனைவி. தூரிகையைக் கீழே வைத்தேன். காவேரி அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பதினெட்டாம் பெருக்கன்று படத்து ஆற்றுக்கும் ஒரு பூவைச் சாத்தியதாகக் கேள்விப்பட்டேன்.

பெருக்கு கழிந்து பத்து நாள் விட்டு, மூன்றரை ரூபாய்க்காகப் போனேன். பெரியவர் ஊஞ்சலில் இருந்தார். மனைவி அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து போகிற வேலையாக அது தெரியவில்லை.

"சாமி, அந்த மிச்சம்" என்றேன்.

"அதைத்தான் நானும் யோசிச்சிண்டிருந்தேன். அன்னிக்குப் பேசினது மதிலுக்கு மட்டும். இப்போ காவேரி வந்திருக்கு. காவேரிக்கான சரக்கு பூரா எங்க அகத்துலேருந்துதானே வந்தது? ரெண்டு வேளையும் அனுப்பினோமே?"

"என்ன சரக்கு அனுப்பினேள்?" என்றார் மனைவி, புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தாமிரம்" என்றார் பெரியவர்.

அது ஓரணாக் காவி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், அப்போது தாமிரம் என்ன ஆயிற்று என்று மனைவி கேட்பார். சாக்கடையில் ஊற்றினேன் என்றால், தாமிரத்தை யாராவது ஊற்றுவார்களா என்பார். அங்கிருந்து சீசாவுக்கு ரொம்ப தூரமில்லை.

"அதனால அந்த மூணரையிலேயும் பாதி கழிஞ்சுபோச்சு" என்றார் பெரியவர். "மிச்சத்தை வரமாசம் பென்ஷன் வந்ததும் வாங்கிக்கோரும்."

பென்ஷன் ஒவ்வொரு மாதமும் வந்தது. சீசாவும் வந்தது. அவரே ஜட்காவில் வருகிற நாட்களில் டாக்டர் பக்கத்தில் நிற்பார், கேட்க வழியில்லை. நான் ஸ்ரீரங்கம் போகிற நாட்களில் அவர் மனைவி பக்கத்தில் இருப்பார். லேப்பை விட்டு வந்தபின் ஒரு கார்டுகூட எழுதிப் பார்த்தேன். கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது நினைவுக்கு வந்து, தபாலில் போடவில்லை. வரவேண்டியது ஒரு ரூபாய் பன்னிரண்டணா.